டெக்சஸ் பள்ளிக்குக் கிளம்பும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு டாலஸ் பக்கம் வேலை மாற்றம் ஆகியிருக்கிறது. ஜூலை கடைசியில் கிளம்புகிறோம், விசா இன்னும் எடுக்கவில்லை. மகனுக்கு மே மாதம் 9 வயது முடிந்தது, இங்கே நான்காம் வகுப்பு முடித்துவிட்டான். மகள் எல்.கே.ஜி. முடித்திருக்கிறாள், வரும் அக்டோபர் 12-ல் 5 வயது நிறைகிறது. அரசுப் பள்ளியில்தான் சேர்க்கப் போகிறோம். நாங்கள் சைவம். ஆறு மாதத்துக்கு மாமியாரும் கூட வருகிறார். இங்கிருந்து என்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும்? அங்கே பள்ளியில் என்ன எதிர்பார்ப்பார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கே இரண்டு பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் எடுத்து, 'சர்நேம்' என்ற கட்டத்தில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியலோடு பழகிய நம் குடும்பங்களில் பல நேரம் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பள்ளியின் கம்ப்யூட்டருக்கு அது புரியாது. முதல் நாள் வருகைப் பதிவில் டீச்சர் 'ஃப்னூ, ஃப்னூ' என்று கூப்பிடுவார், உங்கள் மகள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பாள். விசா இன்னும் எடுக்காதது உங்கள் அதிர்ஷ்டம். அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். விசா விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது என்றால் அதிலும் புதிய பாஸ்போர்ட் எண் வர வேண்டும். நேரம் போதவில்லையா? பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'விருப்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பியதோடு நிற்காமல், வகுப்பு டீச்சருக்கும் முதல் நாளே ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

அடுத்தது தடுப்பூசி. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று தைரியமாகப் போவார்கள், அங்கே கணக்கு வேறாக இருக்கும். நம் அரசு அட்டவணைப்படி 9 மாதத்தில் எம்.ஆர். (தட்டம்மை–ரூபெல்லா) ஊசி போடுகிறார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட டோஸ் அங்கே செல்லாது. அதோடு எம்.ஆர். ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து இல்லை, டெக்சஸ் கேட்பது அதையும் சேர்த்த எம்.எம்.ஆர்., மகன் வகுப்புக்கு இரண்டு டோஸ், மகள் வயதுக்கு ஒன்று. சின்னம்மைக்கும் அப்படியே, ஹெபடைடிஸ் ஏ இரண்டு, ஹெபடைடிஸ் பி மூன்று. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது, தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால்தான் உண்டு. உங்கள் மகனுக்குத் தொண்டை அடைப்பான்–கக்குவான்–ஏற்பு ஜன்னி ஊசியிலும் போலியோவிலும் ஒரு டோஸாவது நான்காவது பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதாக இருக்க வேண்டும். போலியோவில் இன்னொரு சிக்கல்: 2016 ஏப்ரலுக்குப் பிறகு வாயில் விட்ட சொட்டு மருந்தை அங்குள்ள மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஊசியாகப் போட்டதைத்தான் எண்ணுவார்கள். முகாம் தவறாமல் தூக்கிக்கொண்டு போனீர்களே, அந்தச் சொட்டு மருந்துக்கு அங்கே மதிப்பில்லை.

ஆகவே அட்டையோடு இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டையும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் 28 நாள் கட்டாயம் விட வேண்டும். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று போட்டால் இரண்டாவது ஊசி வீண், மறுபடி போடச் சொல்வார்கள். ஹெபடைடிஸ் ஏ-வின் இரண்டு டோஸுக்கு நடுவே 6 மாதம் வேண்டும், அது எப்படியும் அங்கே போய்த்தான் முடியும். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு டோஸாவது போட்டு, அடுத்ததற்கு இன்னும் நாள் வரவில்லை என்றால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலப் பட்டியல் ஒன்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம், பெயராக எழுதச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு முதல் பிறந்தநாள் கழிந்து நவம்பர் 3-ல் ஒரு ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். அட்டையில் 03-11 என்று இருக்கும். அமெரிக்காவில் மாதம்தான் முன்னால், பள்ளி நர்ஸ் அதை மார்ச் 11 என்று படிப்பார். அப்போது குழந்தைக்கு 5 மாதம்கூட முடியவில்லையே, இந்த டோஸ் செல்லாது என்று தள்ளிவிடுவார். ஒரு கோடு மாறினால் ஒரு ஊசி கூடுதலாகக் குத்த வேண்டியிருக்கும்.

சில இடங்களில் காசநோய் பற்றியும் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் வீக்கம் வரலாம். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது.

இனி வகுப்பு. டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று 5 வயது நிறைந்திருந்தால்தான் கிண்டர்கார்டன், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு. மகள் ஆறு வாரத்தில் தவறவிடுகிறாள், கெஞ்சிப் பலனில்லை. ஆனால் 4 வயதுக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியில் 'பிரீ-கே' வகுப்பு உண்டு. அது எல்லோருக்கும் இலவசம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பம், ராணுவக் குடும்பம் என்று தகுதிகள் சில வைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று குழந்தைக்கு ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாமல் இருப்பது. சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு கேள்வித்தாள் தருவார்கள். அதில் பல பெற்றோர் கௌரவத்துக்காக 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் 'தமிழ்' என்றே எழுதுங்கள். பிறகு சின்னதாக ஒரு மொழித் தேர்வு வைத்துப் பார்ப்பார்கள். தகுதி கிடைத்தால் மகளுக்கு முழு நாள் வகுப்பு இலவசம். மகனுக்கும் அதே தேர்வு உண்டு. தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்குத் தனிக் கவனிப்பு கிடைக்கும், மக்குப் பிள்ளை என்ற முத்திரையெல்லாம் இல்லை. அந்தக் கவனிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனாலும் வருடாந்தர மொழித் தேர்வு நிற்காது.

மகனை மறுபடி நான்காம் வகுப்பில் போட்டால் 'ஒரு வருஷம் வீணாச்சே' என்று வீட்டில் பேச்சு எழும். செப்டம்பர் 1-ல் 9 வயது என்றால் அங்கே நான்காம் வகுப்புதான், அவன் வயதுப் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். ஒரு வகுப்பைத் தாண்ட வழி இருக்கிறது: மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல் நான்கிலும் தேர்வு எழுதி ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். நம்மைக் கேட்டால் வேண்டாம். உச்சரிப்பும் பழக்கவழக்கமும் புதிதாக இருக்கும் முதல் வருடத்தில், பாடமாவது தெரிந்ததாக இருக்கட்டும்.

வீடு பார்க்கும்போது ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். பள்ளி நிர்வாகத்துக்குத் தனி எல்லை. ஃபிரிஸ்கோ நகரத்தில் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டங்களில் வருகின்றன. பிளேனோவில் சில தெருக்கள் ஃபிரிஸ்கோ பள்ளிகளுக்குப் போகின்றன, இர்விங்கில் ஒரு பகுதி கோப்பெல்லுக்குப் போகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் முழு முகவரியையும், கதவு எண் உட்பட, போட்டுப் பாருங்கள். சேர்க்கைக்குக் கேட்பவை பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பட்டியல், வாடகை ஒப்பந்தம் அல்லது மின் கட்டண ரசீது, பெற்றோரின் அடையாள அட்டை, மகனின் மதிப்பெண் பட்டியல். விசா நிலையை வைத்துச் சேர்க்கையை மறுக்க முடியாது. 1982-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்துவிட்டது, அதுவும் டெக்சஸ் வழக்கில்தான்.

பள்ளியிலிருந்து வீடு 2 மைலுக்குள் இருந்தால் பொதுவாக மஞ்சள் பஸ் கிடையாது. நடை, அல்லது 'கார் லைன்'. கார் வரிசையில் பள்ளி கொடுத்த எண் அட்டையை முன்கண்ணாடியில் தெரிய வையுங்கள், இறங்கிப் போய்ப் பிள்ளையைத் தேடாதீர்கள், பின்னால் முப்பது கார் நிற்கும். மகள் 4 அடி 9 அங்குலம் வளரும் வரை, அல்லது 8 வயது ஆகும் வரை, காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். நண்பர் வண்டியில் ஒரு நாள் போனாலும்தான். மாமியார் கூட்டிவரப் போவார் என்றால் அவர் பெயர் பள்ளியின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துகளில். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டு, அவர் பாஸ்போர்ட்டை நீட்டினால் பிள்ளையைத் தர மாட்டார்கள். 'பாட்டிதான் வந்திருக்கிறார்' என்று பேரன் கத்தினாலும் தர மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். நேரம் சுமார் அரை மணி, பல பள்ளிகளில் அதைவிடக் குறைவு. சூடாக்கித் தர மைக்ரோவேவ் இருக்காது. பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாதத்தைப் போட்டால் மதியம் வரை வெதுவெதுப்பாக இருக்கும். தயிர்சாதத்துக்கு அடியில் ஐஸ் பேக் வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மூடியை மகள் தானாகத் திறக்க வேண்டும். எவர்சில்வர் டப்பாவை நாம் அழுத்தி மூடிக் கொடுத்துவிடுவோம். அங்கே கையைத் தூக்கி உதவி கேட்கத் தெரியாத குழந்தை, மூடியைப் பார்த்துக்கொண்டே மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, உங்கள் இட்லிப் பொடியில் எள், ஊற்றுவது நல்லெண்ணெய். 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்க உணவுச் சட்டத்தில் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருள், வேர்க்கடலையோடு சேர்த்து ஒன்பதில் ஒன்று. யாருக்கும் ஊட்டிவிடாதே, யாரிடமும் வாங்காதே என்று சொல்லி வையுங்கள். பகிர்ந்து சாப்பிடு என்று வளர்த்த பிள்ளைக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளிச் சாப்பாடு வாங்கினால், பீட்சா மேல் வட்ட வட்டமாக இருக்கும் பெப்பரோனி இறைச்சி, மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின். சைவம் என்று கேன்டீனுக்கும் டீச்சருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மகனுக்கும் இந்தப் பெயர்களைக் காட்டிக் கொடுங்கள்.

பையில் மாத்திரை, இருமல் மிட்டாய், டானிக் எதுவும் வைக்கக் கூடாது. நர்ஸிடம் படிவத்தோடு பெற்றோர்தான் ஒப்படைக்க வேண்டும்.

காலையில் அமெரிக்கக் கொடி, டெக்சஸ் கொடி இரண்டுக்கும் உறுதிமொழி, பிறகு ஒரு நிமிட மௌனம். சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். சேர்ந்து சொன்னாலும் எதுவும் குறைந்துவிடாது. நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்புக்கு 22 பிள்ளைகள் என்பது சட்ட அளவு. பிப்ரவரி 14 வாலன்டைன் தினத்துக்கு அட்டை கொடுத்தால் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும், தோழிகள் நாலு பேருக்கு மட்டும் என்றால் டீச்சர் திருப்பி அனுப்பிவிடுவார். நோட்டு, பென்சில், பை வாங்க அவசரப்பட வேண்டாம். பள்ளி தரும் பட்டியல் வந்த பிறகு, ஆகஸ்டில் மூன்று நாள் விற்பனை வரி இல்லாத வாரக்கடைசி வரும், 100 டாலருக்குக் குறைவான துணி, செருப்பு, பள்ளிச் சாமான் அப்போது வாங்குங்கள்.

பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு 15, 20 நிமிடம்தான். 'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் 'அருமையான பையன்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வயதுக்குரிய வாசிப்பு அளவில் இருக்கிறானா, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், புரியாதபோது கை தூக்கிக் கேட்கிறானா என்று கேளுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் குறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் பிள்ளை மேல் டீச்சருக்குக் கோபம் வரும் என்ற பயம் அங்கே வேண்டாம்.

மகளை இங்கிருக்கும்போதே ஒரு விஷயத்துக்குப் பழக்குங்கள். அங்கே கழிப்பறையில் குழாய் இருக்காது, காகிதம்தான். நாடா, கொக்கி உள்ள உடை வேண்டாம், இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது போடுங்கள். மாற்று உடை ஒரு செட் ஜிப் பையில் போட்டுப் பள்ளிப் பையில் எப்போதும் இருக்கட்டும். தானே துடைக்கக் கற்றுக்கொள்ளாத குழந்தைக்கு டீச்சர் உதவ மாட்டார், அதை நினைத்தே பள்ளிக்குப் போக அழும் பிள்ளைகள் உண்டு.

மாமியாரைத் திருப்பி அழைத்துவரும் சாக்கில் டிசம்பர், ஜனவரியில் ஐந்து வாரம் ஊர் வரத் தோன்றும். குளிர்கால விடுமுறை இரண்டு வாரம்தான். மீதி நாள் எல்லாம் வராத கணக்கில் ஏறும், 90 சதவீத வருகை இல்லாவிட்டால் அந்த வகுப்பு முடித்ததாக ஏற்க மறுக்கலாம். நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு மறுபடி சேரச் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. மாமியாரை அந்த நேரத்தில் தெரிந்தவர்களோடு அனுப்பிவையுங்கள். மே கடைசியில் பள்ளி முடியும், ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும். உங்கள் நால்வருக்கும் டிக்கெட்டை ஜூன் முதல் வாரத்துக்குப் போடுங்கள்.