காரில்லாமல் ஐரோப்பாவில் ஒரு மாதம்: எந்த ஊர், எந்த வீடு?

ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் இரண்டு முறை, பெல்ஜியத்தின் கென்ட்டில் ஒரு முறை, இத்தாலியின் போலோன்யாவில் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளோடும் அம்மாவோடும் ஒரு மாதம் தங்கினோம். ஒரு நாள்கூடக் கார் எடுக்கவில்லை. இப்படிப் போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, மே மாதம் முழுக்க அங்கே இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. பாரிஸிலேயே தங்கிவிடலாமா, சின்ன ஊராகப் பார்க்கலாமா?

பாரிஸை நான்கு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு மாதம் வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையைத் தினமும் மெட்ரோ படிகளில் ஏற்றி இறக்கியே களைத்துப் போவீர்கள். அதற்காகப் படத்தில் அழகாகத் தெரியும் குக்கிராமத்துக்கும் போய்விடாதீர்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை பேருந்தே இல்லாமல் இருக்கும்.

இரண்டு மூன்று லட்சம் பேர் வாழும் ஊர்தான் சரியான அளவு. மூன்று விஷயம் பார்ப்பேன். ரயில் நிலையத்திலிருந்து பல திசைகளிலும் ரயில் போக வேண்டும். ஊருக்குள் டிராமோ அடிக்கடி வரும் பேருந்தோ இருக்க வேண்டும். சந்தைக்கு நடந்தே போக முடிய வேண்டும்.

உங்களுக்கு நான் ஃபிரைபுர்க்கைத்தான் சொல்வேன். கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) என்ற மலைக்காட்டின் ஓரத்தில் இருக்கிற பல்கலைக்கழக ஊர் அது. டிட்டிசே ஏரிக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பிரைசாக் வரை ரயிலில் போய் அங்கே பேருந்து மாறினால் பிரான்சின் கோல்மார். இரண்டாம் எண் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய், ஒரு பேருந்து பிடித்தால் ஷௌயின்ஸ்லாந்து மலையின் கேபிள் கார். 3.6 கிலோமீட்டர் நீளம், பையனுக்கு மறக்காது.

அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா? ஒரு மாதம் என்றால் சலித்துவிடாதா?

பழைய நகரத்தின் தெருவோரங்களில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடுகின்றன. பெக்லே என்று பெயர். பெரும்பாலும் ஒரு முழ அகலம்கூட இருக்காது, தண்ணீர் கணுக்காலுக்குத்தான் வரும். முன்ஸ்டர் தேவாலயத்தைச் சுற்றி, ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் சந்தை கூடும். அங்கே நூல் கட்டிய மரப்படகு விற்பார்கள். முதல் வாரம் அதை வாங்கிக் கொடுத்தேன். என் மகள் நூலைப் பிடித்துக்கொண்டு, படகு போகிற வேகத்துக்குத் தானும் நடந்து, ஒரு தெரு முழுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொடங்கினாள். அதற்கப்புறம் தினமும் காலையில் காய் வாங்கப் போவதே அவளுக்கு விளையாட்டு. வடக்குப் பக்கம் சுற்றுவட்டார விவசாயிகள் கடை போடுவார்கள், மே மாதம் வெள்ளை ஆஸ்பராகஸும் ஸ்ட்ராபெரியும் குவிந்திருக்கும்.

வாரம் இரண்டு நாள் மட்டும் வெளியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்கள் சந்தை, பூங்கா, ஆற்றங்கரை. இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும், எனவே கனமான திரைச்சீலை உள்ள வீடாகப் பாருங்கள்.

வீடு தேடும்போது எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? படங்கள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன.

படத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் வரைபடம். வீட்டு வாசலிலிருந்து டிராம் நிறுத்தம், மளிகைக் கடை, பேக்கரி, விளையாட்டுத் திடல் நான்குக்கும் நடக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். எதுவும் 500 மீட்டரைத் தாண்டக் கூடாது. பிறகு அந்த நிறுத்தத்தில் ஞாயிறு மாலை எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, கடைசி வண்டி எப்போது என்று பாருங்கள். வார நாள் அட்டவணையை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு பயணத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். "மையத்திலிருந்து பத்து நிமிடம்" என்று விளம்பரம் சொன்னது. வீட்டுக்காரர் காரில் பத்து நிமிடத்தைச் சொல்லியிருக்கிறார். வீடு மேட்டில், கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு, அப்புறம் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஏற, அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று வந்தாள். அந்த ஒரு மாதமும் மாலையில் நாங்கள் வெளியே போகவே இல்லை. அன்றிலிருந்து பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி எழுதி அனுப்புகிறேன்: நடந்து எத்தனை நிமிடம், வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படி, துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள் இருக்கிறதா அடித்தளத்தில் இருக்கிறதா. படிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

பழைய நகரத்தின் நடுவில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. ஃபிரைபுர்க்கில் ஃபோபான் என்ற பகுதி இருக்கிறது. 1992 வரை பிரெஞ்சு ராணுவ முகாமாக இருந்த இடம். இப்போது அங்கே குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்த இடமே கிடையாது, குழந்தைகள் தெருவிலேயே விளையாடுகிறார்கள். மூன்றாம் எண் டிராம் ஊருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எந்த ஊர் சுலபம்?

போலோன்யா. நடைபாதைகளுக்கு மேலே கூரை போட்ட மண்டபங்கள் ஊர் முழுக்கத் தொடர்கின்றன, எல்லாம் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மழையிலும் வெயிலிலும் நம் கோயில் பிரகாரத்தில் நடப்பது போல நடக்கலாம், தரையும் பெரும்பாலும் சமம். கென்ட்டின் மையத்தில் கருங்கல் பாவிய தெருக்கள், முழங்காலுக்கு ஆகாது. ஃபிரைபுர்க் பழைய நகரத்திலும் கூழாங்கல் தரைதான், ஆனால் தாழ்தள டிராம் மையம் வரை போவதால் சமாளிக்கலாம்.

போலோன்யாவுக்கு ஜூலையில் போகலாமா?

வேண்டாம் தம்பி. வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் பாருங்கள். அதிவேக ரயிலில் ஃபிளாரன்ஸ் நாற்பது நிமிடத்துக்குள், சாதாரண ரயிலில் ஃபெராரா அரை மணி.

ஜெர்மனியில் மாதப் பயணச்சீட்டு ஒன்று இருக்கிறதாமே, அது வெளிநாட்டவருக்கும் கிடைக்குமா?

கிடைக்கும். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026இல் 63. நாடு முழுக்க டிராம், நகரப் பேருந்து, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ போன்ற அதிவேக ரயிலுக்குச் செல்லாது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அது நாள்காட்டி மாதத்துக்கானது. 15ஆம் தேதி போய் இறங்கினால் இரண்டு மாதத்துக்குக் கட்ட வேண்டிவரும். அதனால் விமானச் சீட்டையே மாதத் தொடக்கத்தை ஒட்டி எடுங்கள். அடுத்தது, இது சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே ரத்து செய்துவிடுங்கள், மாதம் முடியும் வரை சீட்டு செல்லும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டே வேண்டாம். அதற்கு மேல் தனிச் சீட்டு வேண்டும், இதில் குழந்தைகளுக்கென்று குறைந்த விலை கிடையாது.

பெல்ஜியத்தில் பெற்றோரோடு போகும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரயில் இலவசம். கென்ட்டிலிருந்து புரூஜஸ், பிரஸ்ஸல்ஸ் இரண்டுமே ஏறக்குறைய அரை மணிதான். பிள்ளைகள் அந்த வயதில் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

நாங்கள் சைவம். சமையலுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

நெய் எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பெருங்காயம், புளி போதும். அரிசியும் பருப்பும் அங்கேயே ஆசியக் கடைகளில் கிடைக்கும்.

குக்கர் எடுத்துப் போவதானால் இன்டக்‌ஷனில் வேலை செய்யும் எவர்சில்வர் குக்கராக இருக்கட்டும். அலுமினியக் குக்கர் பல வீடுகளில் பயன்படாமலே திரும்பி வரும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும்.

வெளியே சாப்பிடுவதற்குக் கென்ட் நல்ல ஊர். 2009இலிருந்து வியாழக்கிழமையைச் சைவ நாளாகக் கொண்டாடுகிறார்கள், உணவகங்களுக்குச் சைவம் புதிதில்லை. இத்தாலியில் ஒன்று சொல்ல வேண்டும்: பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்த்துத்தான் செய்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் பாஸ்தா கேட்கும்போதே அது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஜெர்மனியில் ஞாயிறும் விடுமுறை நாளும் மளிகைக் கடைகள் மூடியிருக்கும், மே மாதத்தில் அந்த விடுமுறைகள் அதிகம். முந்தைய நாள் மாலையே பாலும் காயும் வாங்கி வையுங்கள்.

விசாவுக்கு எந்தத் தூதரகம்?

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். சுவிட்சர்லாந்தும் ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) இருப்பதால் பாசலுக்குத் தனி விசா வேண்டாம்.

நான்கு பெட்டி, இரண்டு குழந்தைகள், டாக்சி இல்லாமல் வீடு வரை போக முடியுமா அக்கா?

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. நேரடி ரயிலில் ஃபிரைபுர்க்குக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு பெட்டியை இரண்டாகக் குறையுங்கள், துணி துவைக்கத்தான் இயந்திரம் கேட்டு வாங்கியிருக்கிறீர்களே. ஃபிரைபுர்க்கில் இறங்கியதும் நிமிர்ந்து பாருங்கள். தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு பாலம், அதன் மேல்தான் டிராம் நிறுத்தம். பிளாட்பாரத்திலிருந்தே மேலே ஏறிவிடலாம், சாலையைக் கடக்க வேண்டியதே இல்லை. முதல் நாள் மட்டும் களைப்பாக இருந்தால் டாக்சியே பிடித்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.