புகை வருகிறது, கங்கு விழவில்லை

கேள்வி: வேப்பம் பலகையில் குழி தோண்டி, அதில் புளியங்குச்சியை நிறுத்தி, வில்லால் சுழற்றி ஒரு மாதமாகத் தீ உண்டாக்க முயல்கிறேன். புகை தாராளமாக வருகிறது, கை ஓய்ந்துபோகிறது, ஆனால் கங்கு விழவில்லை. என் கையில் பலம் போதவில்லையா?

பதில்: புகை வரும் அளவுக்கு நீங்கள் சுழற்றுவதால் பலத்தில் குறையில்லை. இனிப் புகையைப் பார்க்காமல் பொடியைப் பாருங்கள். உரசலில் தீப்பற்றுவது குச்சியும் அல்ல, பலகையும் அல்ல. இரண்டிலிருந்தும் தேய்ந்து விழும் கரிந்த மரத்தூள் ஒரே இடத்தில் குவிந்து, ஏறக்குறைய 400 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது, அந்தக் குவியல்தான் தானாகக் கனியத் தொடங்குகிறது.

இதற்கு வேம்பும் புளியும் பொருத்தமான இணையல்ல. இரண்டுமே கெட்டி மரங்கள் என்பதால் எளிதில் தூளாவதில்லை; குழியின் உட்புறம் மெருகேறிக் கண்ணாடிபோல் பளபளத்து, கீச்சென்று ஓசை எழும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற, பிசினற்ற, நன்கு உலர்ந்த இலகு மரமே வேண்டும். முன்னை மரத்துக்கு வடமொழியில் அக்னிமந்தம், அதாவது தீயைக் கடைவது, என்று பெயர் அமைந்ததே அது இத்தொழிலுக்குப் பயன்பட்டதால்தான். கடலோரங்களில் வளரும் நீர்ப்பருத்தியும் ஏற்றது. பசிபிக் தீவு மக்கள் நெடுங்காலமாக அந்த மரத்தை உரசியே தீ எடுத்திருக்கிறார்கள். அரளியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அது நஞ்சு.

மரம் சரியாக இருந்தும் தவறுகிறதென்றால், பெரும்பாலும் ஈரமே காரணம். தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டதென்று முடிவு செய்ய இயலாது. ஔவையார் புறநானூற்றில் அதியமானை வீட்டு இறவாரத்தில் செருகி வைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். தீக்கடைகோலை மழைத்தண்ணீரும் தரையின் ஈரமும் படாத இடத்தில் வைக்கும் பழக்கம் அக்காலத்திலேயே இருந்ததை அந்த உவமை காட்டுகிறது. நீங்களும் கோலையும் பலகையையும் கூரைக்கடியிலோ, விறகடுப்புக்கு மேலுள்ள பரணிலோ சில வாரங்கள் வைத்திருந்து எடுங்கள்.

அடுத்தது வெட்டுவாய், அதாவது பொடி விழுந்து சேரப் பலகையின் விளிம்பில் வெட்டும் பிளவு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிய பேச்சே இல்லாததால், அதை நீங்கள் வெட்டவில்லை என்றே கருதுகிறேன். பலகை ஒன்றரை சென்டிமீட்டர் கனமும், கோல் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் விட்டமும் இருக்கட்டும். விளிம்புக்கு அருகில் குழியிட்டு, புகை வரும்வரை சிறிது சுழற்றிக் குழியைப் படியவைத்தபின், விளிம்பிலிருந்து குழியின் நடுவை ஏறத்தாழத் தொடும்படி, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலத்துக்கு, ஆப்பு வடிவில் வெட்டுங்கள். வெட்டுவாய் இல்லாவிட்டால் பொடி குழியைச் சுற்றிச் சிதறி, துகள் துகளாக ஆறிப்போகும். ஒரு மாதப் புகை வீணானது இதனால்தான். வெட்டுவாயின் கீழே காய்ந்த இலை ஒன்றை விரித்துவையுங்கள். மேலே கோலை அழுத்திப் பிடிக்கச் சிரட்டைத் துண்டு போதும். அதன் உட்குழிவில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் சூடு மேலே வீணாகாது. எண்ணெய் கோலின் கீழ்முனையில் பட்டுவிடக் கூடாது.

முதலில் மெதுவாக, வில்லின் முழு நீளத்துக்கும் இழுங்கள். வெட்டுவாய் பொடியால் நிறைந்தபின்தான் வேகத்தையும் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். பலர் தொடக்கத்திலேயே மூச்சைச் செலவழித்துவிட்டு, பொடி சூடேற வேண்டிய கடைசி அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள். விழும் பொடி வெளிர் பழுப்பாக இருந்தால் வேகமோ அழுத்தமோ போதவில்லை. சொரசொரவென்று உருண்டைகளாக விழுந்தால் அழுத்தம் அதிகம், அல்லது மரத்தில் ஈரம். காப்பித்தூளைவிடக் கறுத்து, பஞ்சுபோல் மென்மையாகக் குவிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். குழி மெருகேறியிருந்தால் குழியையும் கோலின் முனையையும் சுரண்டிவிட்டு, ஒரு சிட்டிகை மணல் இட்டுத் தொடருங்கள்.

வில்லை நிறுத்திய பிறகும் பொடிக் குவியலிலிருந்து மெல்லிய புகை பத்து விநாடிக்கு மேல் எழுந்துகொண்டே இருந்தால் கங்கு பிறந்துவிட்டது. அந்த நேரத்தில் பரபரத்து ஊதாதீர்கள். பிஞ்சுக் குவியல் சிதறிவிடும். கையால் லேசாக விசிறி, உள்ளே சிவப்பு தெரியும்வரை காத்திருந்து, கோலின் நுனியால் குவியலைப் பலகையிலிருந்து பிரித்து, இலையோடு தூக்கி, கசக்கி உதிர்த்த தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் சேர்ந்த கூட்டுக்குள் இடுங்கள். கூட்டைத் தளர்வாக மூடிப் பிடித்து, முகத்தைவிட உயரத்தில் வைத்து, கீழிருந்து நீளமாக ஊதுங்கள்.

இந்தப் பயிற்சியை வீட்டு முற்றத்தில், சருகுகளைப் பெருக்கிய வெறும் தரையில், ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய தீ மலையேறச் சென்றவர்களின் உயிரைப் பறித்ததை நாம் மறந்துவிடக் கூடாது.