தோள் வலித்தால் ஸ்ட்ராப்பைத் தொடாதீர்கள்

"எனக்கு வயது 43. ஆசிரியை, நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. பத்து வருடமாக 38பி அளவு பிராதான் போடுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றினால் இரண்டு தோளிலும் ஸ்ட்ராப் பதிந்த பள்ளம் இருக்கிறது. முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறிக்கொண்டே போகிறது; கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. கொக்கியை மிக இறுக்கமான வரிசையில் மாட்டியும் இதே கதைதான். அகலமான ஸ்ட்ராப் வைத்ததாக வாங்கட்டுமா? கம்பி வைத்த பிரா மார்புக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?"

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. இறுக்கமான வரிசையில் மாட்டியும் மேலே ஏறுகிறது என்றால், விலாவைச் சுற்றி வரும் அந்தப் பட்டை உங்களுக்குப் பெரிது. இப்போதைக்கு ஸ்ட்ராப்பை மறந்துவிடுங்கள்.

மார்பின் எடையைத் தாங்க வேண்டியது தோள் அல்ல, விலா. மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டை உடம்போடு ஒட்டி நின்றால் எடையில் பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடும். கப் விலகாமல் மேலே பிடித்து வைப்பதுதான் ஸ்ட்ராப்பின் வேலை. பட்டை தளர்ந்திருந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முன்பக்கம் எடை கீழே இழுக்கிறது, அதற்கு ஈடாகப் பின்பக்கம் மேலே ஏறுகிறது. மார்பு தொங்குவதுபோலத் தெரிகிறதே என்று நாம் ஸ்ட்ராப்பை இறுக்குகிறோம். இறுக்க இறுக்க முதுகுப் பட்டை இன்னும் மேலே போகிறது, முழு எடையும் இரண்டு விரல் அகல நாடாவில் தொங்குகிறது. அளவு பார்த்துத் தரும் இத்தனை வருடங்களில் நான் அதிகம் கண்ட தவறு இதுதான். தோளில் தழும்பு விழுந்தவர்களில் அநேகம் பேர் போட்டிருந்தது தளர்ந்த பட்டை. அவர்களோ "பிரா ரொம்ப டைட்டா இருக்கு, இன்னும் பெரிய சைஸ் கொடுங்க" என்று கேட்டு வருவார்கள். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சரியான அளவை யாராவது ஒருமுறை எடுத்துச் சொல்லியிருந்தால் இத்தனை வருட வலி தேவைப்பட்டிருக்காது.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். இப்போது போடும் பிராவைத் திருப்பி, கப் முதுகுப் பக்கமும் கொக்கி முன்பக்கமும் வரும்படி, மார்புக்குக் கீழே சுற்றி மாட்டுங்கள். ஸ்ட்ராப் தொங்கட்டும். இப்போது பட்டையை மார்பு இழுக்கவில்லை; அதன் உண்மையான தளர்ச்சி தெரியும். உங்கள் 38 அநேகமாக இடுப்பை நோக்கி வழுக்கும். மூச்சை இழுத்து விட்டாலும், கையைத் தூக்கினாலும் அசையாமல் நிற்பதுதான் உங்கள் பட்டை. அதற்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்; முழுக் கையும் நுழைந்தால் பெரிது.

அடுத்தது இஞ்ச் டேப். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு வீங்கியிருக்கும், அப்போது வேண்டாம். நிலக்கண்ணாடி முன் நின்று மார்புக்கு நேர் கீழே, டேப் தரைக்கு இணையாக இருக்கும்படி, மூச்சை வெளியே விட்டபிறகு இறுக்கமாக ஓர் அளவு. பிறகு பேட் இல்லாத மெல்லிய பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு, மார்பின் உயர்ந்த இடத்தில் தளர்வாக இன்னோர் அளவு. மார்பு கனமாக இருந்தால் இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து அளந்தால்தான் முழு அளவு கிடைக்கும்.

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கீழே 32 அங்குலம் வந்தால் 32 வாங்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஆனால் லேபிளில் உள்ள எண், பல தயாரிப்பாளர்களிடம் விலாவின் அளவே இல்லை. ஐரோப்பிய லேபிளில் 75 என்று இருந்தால் அது சுமார் 75 சென்டிமீட்டர் விலாவுக்கு. அதாவது கிட்டத்தட்ட 29½ அங்குலம். அதே அளவுக்கு அங்குலக் கணக்கு லேபிளில் போடும் எண் 34! விலா அளவோடு 4 அங்குலம், 5 அங்குலம் கூட்டிச் சொல்லும் பழைய வழக்கத்தின் மிச்சம் இது. சிலர் கூட்டுகிறார்கள், சிலர் கூட்டுவதில்லை. அதனால் ஒரே பெண்ணுக்கு ஒரு தயாரிப்பில் 34, இன்னொன்றில் 36 வரும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் உரிய அளவு அட்டவணையில் உங்கள் விலா அளவு எந்த எண்ணுக்கு நேரே வருகிறது என்று பார்த்துத் தொடங்குங்கள். முடிவை உடம்பு சொல்லட்டும்.

கப் எழுத்தையும் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "டி கப்பா? எனக்கா? நான் அவ்வளவு பெரிசு இல்லையே" என்று பதறுகிறவர்கள் உண்டு. பி, சி, டி என்பவை தனித்தனிக் கிண்ணங்கள் அல்ல. பட்டையின் அளவோடு சேர்த்துத்தான் அவற்றுக்குப் பொருள். 34பி-யின் கப், 38பி-யின் கப்பைவிடச் சிறியது. 38பி, 36சி, 34டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. தொழிலில் இதை 'சிஸ்டர் சைஸ்' என்போம்: பட்டையில் ஒரு படி இறங்கினால் எழுத்தில் ஒரு படி ஏற வேண்டும். கப் இப்போது பொருந்துகிறது, பட்டை மட்டும்தான் தளர்வு என்றால் உங்களுக்கு முதலில் நான் சொல்வது 36சி. அதுவும் தளர்ந்தால் 34டி. வெறுமனே 36பி எடுத்துவிடாதீர்கள். கப் சிறியதாகி, மேலேயும் அக்குள் பக்கமும் பிதுங்கும். அதைப் பார்த்துவிட்டு, சின்ன பட்டை நமக்கு ஒத்துவராது என்று மறுபடி 38-க்கே போய்விடுவீர்கள்.

போட்டுப் பார்க்கும் விதம் முக்கியம். புதிய பிராவை மிகத் தளர்வான கொக்கி வரிசையில் மாட்டிப் பாருங்கள். அதிலேயே நன்றாகப் பிடிக்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் நெகிழும். அப்போது உள்ளே நகர்ந்துகொள்ளத்தான் மற்ற வரிசைகள். மாட்டியதும் சற்றே குனிந்து, வலது கையை இடது கப்புக்குள் விட்டு, அக்குள் ஓரத்துச் சதையை முன்னால் அள்ளி கப்புக்குள் கொண்டுவாருங்கள். மறுபக்கமும் அப்படியே. இதைச் செய்யாமல் கப் சரியா தவறா என்று சொல்லவே முடியாது. அக்குள் ஓரத்தில் தேங்கி நிற்பதைக் கொழுப்பு என்று நினைத்திருப்பீர்கள். பலருக்கு அது சிறிய கப்பால் பக்கவாட்டில் தள்ளப்பட்ட மார்புதான். அள்ளிய பிறகு கப்பின் மேல்விளிம்பில் வெட்டு விழுந்ததுபோல் பிதுங்கினால் ஒரு எழுத்து ஏறுங்கள். மேலே இடைவெளி தெரிந்து துணி சுருங்கினால் கப் பெரிது, அல்லது அந்த வடிவம் உங்கள் மார்புக்கானது அல்ல. ஒரே அச்சில் வார்த்த கெட்டியான கப் எல்லா மார்புக்கும் பொருந்தாது. மேல்பாகம் நிறைவாக இல்லாதவர்களுக்குத் தையல் வைத்த துணி கப் நன்றாக உட்காரும். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு. பெரிய பக்கத்துக்குப் பொருந்துவதை எடுத்து, சிறிய பக்கத்து ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

ஸ்ட்ராப்புக்கு இப்போதுதான் முறை. அடியில் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். பிறகு பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். முதுகுப் பட்டை முன்பட்டைக்கு நேர்க்கோட்டில் இருக்கிறதா? கரும்பலகையில் எழுதுவதுபோல் கையை உயர்த்தி இறக்குங்கள். பட்டை இடத்தைவிட்டு நகரவில்லை என்றால் உங்கள் அளவு கிடைத்துவிட்டது.

கம்பியைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். பிரா போடுவதால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் ஆய்வு மையத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நின்ற 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கப் அளவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போடுகிறார்கள், கம்பி உண்டா, எந்த வயதில் தொடங்கினார்கள் என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். எதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. கம்பி செய்யும் கெடுதல் வேறு. தவறான அளவில் அது மார்புச் சதையின் மேல் ஏறி அழுத்தும், அக்குளில் குத்தும். கம்பி மார்பின் வேரைச் சுற்றி, விலாவின் மேல் உட்கார வேண்டும். நடுவில் இரண்டு கப்பையும் சேர்க்கும் பாகம் நெஞ்செலும்போடு ஒட்டி நிற்க வேண்டும். குத்தும் இடம் மென்மையான சதையாக இருந்தால் கப் சிறிது. கம்பியே பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள்; அகலமான பட்டையும் தையல் கப்பும் உள்ள கம்பியில்லாத பிராவும் நன்றாகத் தாங்கும்.

ஒன்றை மட்டும் பிராவின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். புதிதாகக் கட்டி, காம்பிலிருந்து கசிவு, தோலில் குழி விழுதல், ஒரே இடத்தில் விடாத வலி இருந்தால் மருத்துவரிடம் போங்கள். பிரா மாறிய பிறகும் தோள் வலி தொடர்ந்தாலோ, கைவிரல்கள் மரத்துப்போனாலோ அதையும் காட்டிவிடுங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது சுலபம். வெந்நீரும் டிரையர் சூடும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒருநாள் ஓய்வில் எலாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்பும்.

புதிய 36சி வந்ததும் குறிச்சீட்டைப் பிய்க்காமல் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டிருங்கள். குனியுங்கள், உட்காருங்கள், மேல்தட்டிலிருந்து எதையாவது எடுங்கள். பத்து வருடம் தளர்ந்த பட்டைக்குப் பழகிய உடம்பு, முதலில் இறுக்கம் என்றுதான் சொல்லும். கழற்றிய பிறகு விலாவில் லேசான கோடு தெரிந்து சீக்கிரம் மறைந்தால் அந்த இறுக்கம் சரி. மூச்சு முட்டினாலோ, தோல் சிவந்து எரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வடிவத்தைக் கேளுங்கள்.