எட்டி என்று எனக்குப் பெயர் வந்த கதை

கேள்வி: "வீடியோ கேம் கதாபாத்திரங்களில் பெண்கள், கறுப்பர்கள், திருநங்கைகள் எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதாகக் குறை சொல்கிறார்கள். வெறும் விளையாட்டுதானே, அதனால் நிஜத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?"

எனக்கு ஒரு பெயர் ஆனது. பாளையங்கோட்டையில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்களில் பாதிப் பேருக்கு என் நிஜப் பெயர் ஞாபகம் இருக்காது. எட்டி என்றால் தெரியும்.

2001 வாக்கில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கேம் கடை இருந்தது. மாடிப்படிக்குக் கீழே மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன், வியர்வை நாற்றம், ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். மூன்றிலும் ஓடுவது டெக்கன் 3 என்ற சண்டை விளையாட்டுதான். அதில் எட்டி கோர்டோ என்று ஒரு பிரேசில்காரன், கறுப்பு ஆள். நானும் கறுப்பு. எங்கள் ஊர் வெயிலில் எல்லாருமே கறுப்புதான் என்றாலும் கறுப்பிலும் படிகள் உண்டே, நான் கடைசிப் படி. பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது.

முதலில் எனக்குப் பெருமைதான். எட்டியை எடுத்தால் உதைக்கிற பட்டன்களைக் கண்டபடி அமுக்கினாலே போதும், எதிராளி கீழே கிடப்பான். "எட்டிய எடுக்காதல, அது அழுகுணி ஆட்டம்" என்பார்கள். ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து ஒருத்தன் "எட்டி இருக்கானா?" என்று கேட்டிருக்கிறான். அன்று ராத்திரி சோறு போடும்போது அம்மா, "ஏம்ல அவன் உன்ன எட்டிங்கான்? எட்டிக்காய் மாதிரியா இருக்க?" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்த எட்டி அந்தக் கசப்புக்காய் மரம்தான். நான் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பம் நிறத்துக்குத்தான் சொல்லுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை.

ரொம்பக் காலம் கழித்துத்தான் எட்டியின் கதையைப் படித்தேன். வசதியான வீட்டுப் பிள்ளை. அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். செய்யாத கொலையைத் தலையில் ஏற்றுக்கொண்டு சிறைக்குப் போய், அங்கே ஒரு பெரியவரிடம் கப்போயிரா கற்கிறான். கப்போயிரா அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பிரேசிலில் வளர்த்த கலை. இவ்வளவும் இருந்தும் கடையில் எங்களுக்குப் போய்ச் சேர்ந்தது சடைமுடி, ஆட்டம், ஜெயில் மூன்றும்தான். போதாததற்கு, விளையாட்டைப் பல தடவை முடித்தால் எட்டிக்கு இன்னொரு உருவம் திறக்கும்: டைகர் ஜாக்சன், புசுபுசு முடியோடு ஒரு டிஸ்கோ ஆள். கறுப்பன் என்றால் ஆடித்தான் ஆகவேண்டும் போல.

அதற்கும் முன்னால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கேசட் போட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டு ஆடுவோம். 1991-ல் ஜப்பானில் செய்தது. தேர்ந்தெடுக்க எட்டுப் பேர். ஒரே ஒரு பெண், சுன் லீ. ஒரே ஒரு இந்தியர், தால்சிம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, கைகால் ரப்பர் மாதிரி நீளும், பின்னால் வரிசையாக யானைகள் பிளிறும். திருநெல்வேலியில் அப்போது யானை பார்க்க வேண்டுமானால் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் காந்திமதி என்ற யானையைத்தான் பார்க்க வேண்டும். (2025 ஜனவரியில் அவளும் போய்விட்டாள்.) சிலம்பம் சுற்றுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நம்ம ஊர்க்காரன் ஏன் கையை நீட்டுகிறான் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சிரித்தோம், அவ்வளவுதான். நமக்குத் தெரியும், நாம் அப்படி இல்லை என்று. தெரியாதவனுக்கு?

அந்தத் 'தெரியாதவன்' நானாகவே இருந்த கதைதான் இந்தப் பதிலை எழுதவைத்தது. ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற கார், துப்பாக்கி, கும்பல் விளையாட்டு 2002-ல் வந்தது. எங்கள் பக்கம் பிரௌசிங் சென்டர்களில் அது இல்லாத கம்ப்யூட்டரே கிடையாது. அதில் கியூபாக்காரர்கள் ஒரு கும்பல், ஹைதிக்காரர்கள் ஒரு கும்பல். ஹைதிக்காரர்கள் ஊதா நிறக் காரில் வருவார்கள். காரின் பெயரே வூடூ, ஹைதி மக்களின் வழிபாட்டு முறையின் பெயர். ஹைதி உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவர்களைச் சுட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அமெரிக்காவில் வாழ்ந்த ஹைதி மக்கள் 2003-ல் போராட்டம் நடத்தி, அவர்களைக் கொல்லச் சொல்லும் வசனங்களை நிறுவனம் நீக்கியது. நாங்கள் ஆடியதோ திருட்டுக் காப்பி, அதில் எதுவும் நீங்கவில்லை.

2010 ஜனவரியில் ஹைதியில் நிலநடுக்கம். ஒரு லட்சத்துக்கும் மேல் சாவு. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்த்தேன். ஒரு பெண் இடிபாட்டுக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். என் மனதில் முதலில் ஓடியது அந்த ஊதாக் கார். அவளைப் பார்த்து நான் வருத்தப்படுவதற்கு முன்னால் அது வந்துவிட்டது. 'என்ன ஆகிவிடப் போகிறது' என்று கேட்டீர்களே, இதுதான் ஆகும். ஒரு ஜனத்தைப் பற்றி மண்டைக்குள் முதலில் விழுகிற படம் அது. பிறகு எவ்வளவு படித்தாலும் அது ஓரமாக உட்கார்ந்தே இருக்கிறது.

பெண்கள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1986-ல் வந்த மெட்ராய்ட் என்ற விளையாட்டில் கவசம் போட்ட வீரர் ஒரு பெண் என்று கடைசியில் தெரியவரும். நல்ல யோசனைதான், ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு உடை குறையும், அதுதான் பரிசு. எங்கள் கடையிலும் டெக்கனில் நீனா என்ற பெண்ணை எடுத்தவர்கள் சண்டைக்காக எடுக்கவில்லை. என் தங்கச்சி ஒரு தடவை என்னைச் சாப்பிடக் கூப்பிட அங்கே வந்தாள். கடைக்காரர், "பாப்பா, வெளிய நில்லு" என்றார். நானும் "போ, வாரேன்" என்றேன். அவள் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளும் ஆடிப் பார்க்கட்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திருநங்கைகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபைனல் ஃபைட் என்ற ஜப்பான் சண்டை விளையாட்டு 1989-ல் வந்தது. அதில் பாய்சன் என்ற எதிரி. பெண்ணை அடிப்பதை அமெரிக்காவில் ஏற்க மாட்டார்கள் என்ற தயக்கத்தில், அவள் பெண்ணே இல்லை, திருநங்கை என்று சொல்லிச் சமாளித்தார்கள். அதாவது பெண்ணை அடித்தால் தப்பு, திருநங்கையை அடித்தால் பரவாயில்லை! பிறகு சூப்பர் நின்டெண்டோ என்ற கேம் கருவிக்கான அமெரிக்கப் பதிப்பில் அவளை எடுத்துவிட்டு ஆணையே வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஜப்பான்காரர் மீது கோபம் வரவில்லை, எங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் மென்மையாக நடக்கிற ஒரு பையன் அங்கே வருவான். அவனை 'ஒம்போது' என்போம். நானும் சொல்லியிருக்கிறேன், எட்டி என்று பட்டம் வாங்கிய அதே நான். அந்த வருஷமே எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து. மகுடப் பறை அடிக்க, அண்ணாவி பாட, சேலை கட்டிய இரண்டு ஆண்கள் விடிய விடிய ஆடினார்கள். யாரும் சிரிக்கவில்லை, நாங்களும்தான். கோயிலில் மரியாதை, கடையில் கேலி. அந்தப் பையன் கொடைக்கு வந்திருந்தானா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. இப்போது நிலைமை பரவாயில்லை, மெதுவாகத்தான் என்றாலும். போன வருஷம் தங்கச்சி ஊருக்கு வந்தபோது லேப்டாப்பில் 'வெண்பா' என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். டொராண்டோவில் உள்ள ஒரு சின்னக் குழு செய்து 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி, ஒரு மகன், மனைவி வெண்பாவுக்கு அவள் அம்மா தந்த கறைபடிந்த சமையல் குறிப்பு நோட்டு. 2024-ல் முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. வெண்பா சேலை கட்டியிருக்கிறாள், வேலை தேடி அலைகிறாள், பிள்ளையிடம் கோபப்படுகிறாள், அழுகிறாள். மண்டையோடும் இல்லை, யானையும் இல்லை.

முதல் வேலையே இட்லி அவிப்பது. தங்கச்சி உட்கார்ந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"ஏல, இதுல யார அடிக்கணும்?"

யாரையும் அடிக்க வேண்டாம்மா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அவகிட்ட சொல்லு, தட்ட தப்பா அடுக்குதா."