தரை, வெளிச்சம், கதவு: உள் அலங்காரக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: "காசு செலவழித்தாயிற்று, ஆனாலும் வீடு ஷோரூம் மாதிரி இருக்கிறது." வாங்கிவைத்த பொருட்களை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கால் படும் தரை, கை படும் தாழ்ப்பாள், சுவரும் தரையும் சேரும் ஓரம், மாலை வெளிச்சம் ஆகியவற்றில்தான் ஒரு வீட்டின் குணம் இருக்கிறது. அவற்றை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

செல்வி, மதுரை: அக்கா, ஹாலுக்கு ஆத்தங்குடி கல் வாங்கப் போகிறோம். "சாதாரண டைல்ஸ் மாதிரியே பசை போட்டு ஒட்டிவிடலாம்" என்கிறார் கொத்தனார். சரியா?

சரியில்லை. ஆத்தங்குடி கல் என்பது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்ட் டைல்ஸ், சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே கலவை நிரப்பி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. மெஷின் பாலிஷ் போட்டால் முதலில் போவது அதுதான். கையால் செய்வதால் கல்லுக்குக் கல் கனம் சற்று மாறும். மெல்லிய பசையில் ஒட்டினால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். கலவைப் படுக்கையில் பதித்து, ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்க்க வேண்டும்.

கல் சுமார் முக்கால் அங்குலம், படுக்கை ஒன்றரை அங்குலம். ஆக, தரை மட்டத்தில் இரண்டேகால் அங்குலம் விட்டிருக்கிறார்களா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள். விடாவிட்டால் கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும். மரவேலை, எலக்ட்ரிக்கல், பட்டி பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகே கல் பதியுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் போதும். இடைவெளியை நிரப்பும்போது மேலே வழிந்த சிமெண்டை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காயவிட்டுப் பிறகு ஆசிட் ஊற்றினால் கறையோடு கல்லின் முகமும் அரித்துப்போகும். எலுமிச்சையும் புளியும்கூட அமிலம்தான். அதனால் சமையலறைக்கு இந்தக் கல்லை நான் சொல்வதில்லை. முதல் சில வாரங்கள் வெள்ளையாகப் பூக்கும். ஈரத்தோடு மேலே வரும் உப்பு அது. வெறும் தண்ணீரில் துடைத்து உலரவிட்டுக்கொண்டே இருந்தால் குறையும். பிறகு துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: ஹாலின் நடுவில் நூல் பிடித்து அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி ஒரு வரிசை ஒரே நிறக் கல் ஓடட்டும். வெட்டுத்துண்டுகள் அந்த வரிசையில் அடங்கிவிடும், நடுவிலுள்ள கோலம் முழுதாக நிற்கும். ஓரம் இல்லாமல் சுவர்வரை பூ வேலைப்பாட்டை ஓட்டினால், ஒரு பக்கம் முழுப் பூவும் எதிர்ப் பக்கம் கால் பூவுமாக நிற்கும். விரித்த கம்பளத்தைக் கத்தரித்தது போல இருக்கும். பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த முறை வாங்கினால் அதே சிவப்பு கிடைக்காது.

ரமேஷ், தாம்பரம்: மேடம், ஃப்ளாட்டில் தேக்குச் சாமான்கள் போட்டும் ராத்திரியில் ஹால் ஆஸ்பத்திரி வராந்தா போலத் தெரிகிறது.

பல்பு அட்டையில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று இருக்கிறதா பாருங்கள். நம்மூரில் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். நீலம் கலந்த அந்த வெள்ளையில் தேக்கும் செங்கல்லும் சாம்பல் பூத்தது போலாகிவிடும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 வரை, சமையல் மேடைக்கு 4000. ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் அளவெண் சி.ஆர்.ஐ. அது 90க்கு மேல் இருந்தால், கட்டியிருக்கும் பட்டின் அரக்கு அரக்காகவே தெரியும்.

நிறத்தைவிட முக்கியம் உயரம். எல்லா வெளிச்சமும் கூரையிலிருந்தே விழுந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், அறை தட்டையாகும். இன்று இரவே மேல் விளக்கை அணைத்துவிட்டு, 9 வாட், 3000 கெல்வின் பல்பு ஒன்றை டேபிள் விளக்கில் போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குள் வையுங்கள். பூச்சின் மேடு பள்ளம், மரத்தின் ரேகை, நாற்காலிக் கையின் வளைவு எல்லாம் எழுந்து வரும். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு மேசைப் பரப்பிலிருந்து 30 அங்குலம். அதற்கு மேலே போனால் பல்பு கண்ணைக் குத்தும்.

பர்வீன், நாகப்பட்டினம்: சிவப்பு ஆக்சைடு தரை போட்டு ஆறு மாதத்தில் விரிசல். ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பாத்தி பிரிக்காமல் முழு அறையையும் ஒரே பலகையாகப் போட்டிருப்பார்கள். நாலடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ வேண்டும். இரண்டு, அடிக் கான்கிரீட் நன்றாக இறுகிய பிறகு மேல்பூச்சு போட்டிருப்பார்கள். இரண்டும் ஒட்டாது. மூன்று, நிறம் தூக்கலாக வரட்டும் என்று பொடியை அள்ளிப் போட்டிருப்பார்கள். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோதான் உச்சம். முழு அறைக்கும் வேண்டிய பொடியையும் சிமெண்டையும் உலர்ந்தபடியே ஒன்றாகக் கலந்து வைத்தால்தான் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறாது. பெருவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பதத்தில் இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அதற்கு முன்னால் தேய்த்தால் தண்ணீர் மேலே வந்து, பிறகு மாவு போல உதிரும். மறுநாள் முதல் ஏழு நாள் தண்ணீர் கட்டுங்கள்.

இப்போதுள்ள விரிசலைத் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று இருந்தால் விட்டுவிடுங்கள், மயிரிழை விரிசல் இந்தத் தரைக்கு அழகுதான். பொள்ளலாகக் கேட்டால் அந்தப் பாத்தியை மட்டும் பெயர்த்துப் போடுங்கள்.

கவிதா, சேலம்: திரைச்சீலை எவ்வளவு துணி?

கம்பியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, மெல்லிய துணியென்றால் இரண்டரை. கம்பி ஜன்னலுக்கு மேல் 6 முதல் 8 அங்குலம், இருபக்கமும் அதே அளவு வெளியே. அடி தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும். முழங்கால் உயரத்தில் முடிந்தால் அறை குட்டையாகும்.

அருண், கோவை: ஒன்பதரை அடி உயர அறையில் ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

முழுக்கப் போட வேண்டாம். விசிறி இறக்கை தரையிலிருந்து எட்டடியாவது மேலே இருக்க வேண்டும், அதற்கு மேல் சீலிங்குக்கு முக்கால் அடியாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் காற்று வராது. கணக்குப் போட்டால் மிச்சம் முக்கால் அடிதான். அந்தக் காசில் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையைச் சரிசெய்யுங்கள். பூச்சுக்கு மேல் துருத்தி நிற்கும் டைல்ஸ் பட்டையின் தலையில் தூசி கோடு விழும். பூச்சுக்கு முன்பே திட்டமிட்டால் சுவரோடு சமமாக, 4 அங்குல உயரத்தில், மேலே ஒரு சின்னக் காடி (பள்ளக் கோடு) விட்டு முடிக்கலாம்.

லட்சுமி, கும்பகோணம்: தாத்தா காலத்துத் தேக்குக் கதவு, மேலே நாலைந்து கோட்டு எனாமல் பெயிண்ட். எப்படி மீட்பது?

காஸ்டிக் சோடாவில் ஊறப்போடாதீர்கள், மரம் கறுத்து மூட்டு தளரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, பொங்கியதும் சுரண்டி எடுங்கள். செதுக்குகளுக்குள் மூங்கில் குச்சி. பெயிண்ட் முழுதும் போன பிறகு 80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாள், ரேகையின் போக்கிலேயே. பிறகு ஆளி விதை எண்ணெய், மெல்லிசாக மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின் அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பழைய பித்தளைக் கீலையும் தாழ்ப்பாளையும் மாற்றாதீர்கள். திரும்பப் பூட்டும்போது பித்தளைத் திருகாணிதான், ஆனால் நேரே முடுக்கினால் தலை ஒடிந்துவிடும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவி முடுக்குங்கள்.