மும்பை லாமிங்டன் சாலைக் கடையில் தேங்கிய ‘பயோனெட்டா 3’: ஒரு பதில்

குறை ‘பயோனெட்டா 3’ வீடியோ ஆட்டத்தில் இல்லை. உங்கள் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோரிடம் அதை ஓட்டும் கருவி இல்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். பிளேஸ்டேஷன் வட்டுகள் நன்றாகப் போகும்போது, நல்ல விமர்சனம் பெற்ற, நிண்டெண்டோ நிறுவனத்தின் சுவிட்ச் கன்சோலுக்கு (ஆட்டக் கருவிக்கு) மட்டுமே வந்த ‘பயோனெட்டா 3’ ஏன் அசையவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

கன்சோல் வைத்திருப்போர், அவர்களுள் அந்த வகை ஆட்டத்தை விரும்புவோர், அவர்களுள்ளும் முழு விலை கொடுப்போர் என ஒவ்வொரு படியிலும் வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது. பெயர்பெற்ற ‘மரியோ கார்ட் 8’ கூட இதற்குத் தப்பவில்லை. 2014இல் சுவிட்சுக்கு முந்தைய நிண்டெண்டோ கன்சோலான வீ யூவுக்கு வந்தபோது அது ஏறத்தாழ 84 லட்சம் விற்றது; அந்தக் கருவியே மொத்தம் 1.36 கோடிக்குள்தான் விற்றது. சில சேர்க்கைகளுடன் 2017இல் சுவிட்சுக்கு வந்த பதிப்போ 6 கோடியைத் தாண்டியது. மரியோவுக்கே இந்தக் கதி என்றால், அதிரடிச் சண்டையை நாடும் சிறு கூட்டத்துக்கான ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரம், வருபவர்களிடம் என்ன கன்சோல் இருக்கிறது என்று கேட்டுக் கல்லாவருகே ஒரு தாளில் குறித்துவையுங்கள். சுவிட்ச்காரர்கள் குறைவென்றால் தள்ளுபடி உதவாது. அவர்கள் போதிய அளவில் வந்தும், பெட்டியைத் திருப்பி விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்றால், விலையைக் குறைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அவசரப்பட்டு நட்டத்துக்குத் தள்ளிவிட வேண்டாம்; காலவரையின்றி வைத்திருக்கவும் வேண்டாம். 2013இல் வீ யூவுக்கு மட்டும் வந்த ‘தி வொண்டர்ஃபுல் 101’ 2020இல் பிற கருவிகளுக்கும் வந்தது. அப்படி வந்தால் பழைய சரக்கின் மதிப்பு இறங்கலாம். ‘பயோனெட்டா 3’ நிண்டெண்டோவே வெளியிட்டது என்றாலும், ‘தி வொண்டர்ஃபுல் 101’ஐயும் முதலில் அதுவே வெளியிட்டதால், அந்த அபாயம் இதற்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.