மேகம் வந்தா பூ கருக்குது, பூ வந்தா மேகம் எரியுது!

கேள்வி: சான் டியாகோவுல இருக்கோம். மார்ச்ல ஆன்சா-பொரேகோ பாலைவனத்துக்குப் பூ பாக்கப் போனோம். தரையெல்லாம் ஊதாவும் மஞ்சளுமா பூ, மேல செம மேகம். ஆனா போட்டோவுல ரெண்டும் சேர்ந்து வரவே மாட்டேங்குது, ஒண்ணு பூ கருப்பாயிடுது, இல்லேன்னா மேகம் வெள்ளையா எரிஞ்சிடுது. புது கேமரா வாங்கணுமா?

பதில்: காச பத்திரமா வைங்க. சூரியனப் பாத்து நின்னு எடுத்திருப்பீங்க, இல்லேன்னா மேகத்தோட நிழல் சரியா பூ மேல விழுந்திருக்கும். அந்தப் பாலைவனத்துல இருக்கற ஹென்டர்சன் கேன்யன் ரோட்டுல காலையில வடக்கு பாத்து நில்லுங்க, வெயில் வலது பக்கமிருந்து வரும், பூ மேலயும் வெயில் மேகத்து மேலயும் வெயில், வெளிச்ச வித்தியாசம் கம்மியாயிடும், இருக்கற கேமராவே தாங்கும். போலரைசரும் (லென்ஸுக்கு முன்னாடி மாட்டி வானத்தோட நீலத்த அழுத்தமாக்கற ஃபில்டர்) அப்படி பக்கவாட்டு வெயில்லதான் நல்லா வேலை செய்யும், ஆனா ரொம்ப வைட் லென்ஸ்ல (அகலமா நிறைய இடத்த அடக்கற லென்ஸ்) போட்டா வானம் பாதி கருநீலம் பாதி வெளிறலா வந்து மானத்த வாங்கும். எக்ஸ்போஷர, அதாவது கேமரா உள்ள விடற வெளிச்ச அளவ, மேகத்துக்கு சரியா வைங்க, ரா ஃபைலா (கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வச்சிருக்கற ஃபைல்) எடுங்க, கருப்பா வந்த பூவ அப்புறமா கம்ப்யூட்டர்ல வெளிச்சமாக்கிக்கலாம், ஆனா எரிஞ்சுபோன வெள்ளைய மீட்கவே முடியாது.

அந்த ஊதாப் பூ, சாண்ட் வெர்பீனா, தரையோட தரையா படர்ற செடி, பக்கத்துல போய் பாத்தா இலை தண்டெல்லாம் பிசுபிசுன்னு மணல் ஒட்டியிருக்கும். நின்னுக்கிட்டு எடுத்தா நடுநடுவுல மணல்தான் தெரியும், அதனால கேமராவ முழங்காலுக்குக் கீழ இறக்குங்க, பூவெல்லாம் நெருக்கமா ஜமக்காளம் விரிச்ச மாதிரி ஆயிடும். முட்டி போடறதுக்கு பூ முளைக்காத வெறும் மணலா பாத்துக்குங்க! வெள்ளை ப்ரிம்ரோஸ் வேணும்னா சீக்கிரம் போகணும், அது சாயங்காலம் விரிஞ்சு மறுநாள் வெயில் ஏற ஏற சுருங்கிடும். கிட்ட இருக்கற பூவும் தூரத்து மேகமும் தெளிவா வர லென்ஸ் துவாரத்த எஃப் 11ல வச்சா நல்லதுதான், காத்தடிச்சு பூ ஆடினா ஐஎஸ்ஓவ (கேமராவோட வெளிச்ச உணர்திறன) ஏத்தி ஷட்டர 1/250 செகண்டுக்கும் வேகமா கொண்டுபோங்க.

மேகம் வேணும்னா, மழை வந்துபோன மறுநாளா பாத்து போங்க. மேற்குல இருக்கற மலை பசிபிக் ஈரத்தையெல்லாம் புடுங்கிக்கிறதால மத்த நாள்ல பெரும்பாலும் மொட்டை வானம்தான்.

கேள்வி: அடுத்த வருஷமும் இதே மாதிரி பூக்குமா?

பதில்: கேரண்டி கெடையாது. விதைத் தோல்ல முளைக்கறத தடுக்கற ரசாயனம் இருக்கு, நல்ல மழை பெஞ்சு அதக் கழுவினாத்தான் முளைக்கும், தூறல் பத்தாது. 2017லயும் 2019லயும் அமோகமா பூத்துச்சு, அதுக்காக ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டின்னு கணக்கு போடாதீங்க. பூத்தாலும் ஸ்ஃபிங்ஸ் அந்துப்பூச்சியோட கம்பளிப்புழு கூட்டமா வந்து திட்டு திட்டா மேஞ்சிடும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி பார்க் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.